வியாபாரியின் கணக்கும் ஊராரின் நினைவும்

உத்திரமேரூரைப் போன்ற ஓர் ஊரில் நாற்பது ஐம்பது வருஷம் கடை வைத்திருந்த வியாபாரி ஒருவர் காலமானால், அன்று கடைவீதியில் கதவுகள் பாதி சாத்தப்படுகின்றன. பறையொலியும் பூமாலைகளும் ஓய்ந்த பிறகு, பந்தலடியில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் அவருடைய செல்வத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நிறுவையில் கைவைக்காதவர், கடன் கேட்டு வந்த உழவனை விதைப்புக் காலத்தில் வெறுங்கையோடு அனுப்பாதவர், பெண்களை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தவர், தம்பி பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாகவே வைத்துப் படிக்கவைத்தவர், கோயில் திருவிழாவுக்கு எழுதிய தொகையைக் கேட்குமுன் கொடுத்தவர் என்று இப்படித்தான் அந்தப் பேச்சு போகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, படத்துக்கு மாலை போட்டபின், அந்த நினைவு பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வாழ்ந்து, அவர்கள் பட்டணம் போனதும் மெல்ல மறைந்துவிடுகிறது. அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் உண்டு. கவிஞனுக்குச் சுவடி உண்டு. வாழ்நாள் முழுவதும் அளந்தும் நிறுத்தும் ஊரைத் தாங்கிய வியாபாரிக்கு, அவனுடைய கணக்கே அன்றி வேறு சாஸனம் எது என்ற கேள்வி நெடுநாளாக என் மனத்தில் இருந்துவந்தது.

அக்கேள்விக்கு விடை தேடுவதற்கு உத்திரமேரூரை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனுடைய பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் பதினான்காம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், மகாசபையார் வெட்டுவித்த இரண்டு வியவஸ்தைகள், அதாவது சபை விதித்த ஏற்பாடுகள், இன்றளவும் படிக்கத்தக்க நிலையில் இருக்கின்றன. குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளாகப் பிரிந்திருந்த ஊரில் ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாத பாலகன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுக்களுக்குப் பெருமக்களைத் தேர்ந்த குடவோலை முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். பாடப்புத்தகங்களில் அது ஜனநாயகத்தின் பழம்பெருமையாக வந்துவிட்டது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் அச்சாஸனத்தை நிதானமாகப் படிக்கும்போது என் கண் தங்குவது குடத்தின் மேல் அன்று. ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு ஒருவன் எப்படிப்பட்டவனாக இருக்கவேண்டும் என்று சபையார் விதித்த இலக்கணத்தின் மேல்தான்.

இறையிறுக்கும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவனாக, சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவனாக, முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் உள்ளவனாக, வேத சாஸ்திரப் பயிற்சியும் காரியத்தில் நிபுணத்துவமும் உடையவனாக இருக்கவேண்டும் என்று 921-ஆம் ஆண்டுச் சாஸனம் சொல்லிக்கொண்டே போய், இரண்டு சொற்களை அருகருகே வைக்கிறது: அர்த்த சௌசம், ஆன்ம சௌசம். பொருளில் தூய்மை, உள்ளத்தில் தூய்மை. பொருளை ஈட்டிய வழி தூய்மையாக இருக்கவேண்டும் என்பதை உள்ளத் தூய்மைக்கு முன்னே வைத்துச் சொன்ன அந்த வரிசை எனக்குப் பெரும் விசேஷமாகப் படுகிறது. அதற்கு அடுத்தாற்போல் வருவது இன்னும் கடினமான விதி. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் மறுபடி வாரியம் செய்யலாகாது. அவன் மட்டுமா? அவனுடைய தகப்பன், மகன், மருமகன், மாமனார், உடன்பிறந்தாளைக் கட்டியவன், தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள் முதலாக உறவுமுறையில் நெடுந்தூரம் வரை உள்ளவர்கள் பெயரும் குடத்தில் விழக்கூடாது. கணக்கு எழுதுகிறவனுக்கும் இதே கட்டுப்பாடு: எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன்னே காட்டிச் சுத்தன் என்று தீர்ந்த பிறகல்லது அவன் மறு கணக்கில் புக முடியாது.

இந்த உறவுப் பட்டியலைக் கடுமை என்று சிலர் கருதலாம். குற்றமற்ற மருமகன் மாமனார் செய்த பிழைக்காக ஏன் விலக்கப்படவேண்டும் என்று கேட்கலாம். குடும்பத்தோடு வாழ்கிறவனின் இயல்பை அறிந்தவர்களே அந்த விதியைச் செய்தார்கள் என்று நான் நினைக்கிறேன். சம்சாரியின் கை நீளுவது பெரும்பாலும் தன் வயிற்றுக்காக அன்று. பெண்ணின் கல்யாணத்துக்காகவும், தம்பியின் கடனுக்காகவும், மைத்துனனின் வழக்குக்காகவும்தான் நீளுகிறது. குடும்பப் பாசமும் பொதுப் பொருளும் ஒரே பெட்டியில் கிடந்தால் எது எதைத் தின்னும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஊராருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம்; அதன் மகாசபை நிலமுடைய அந்தணர்களின் சபை; குடத்தில் வியாபாரியின் பெயர் விழவில்லை, உழைப்பாளியின் பெயரும் விழவில்லை, பெண்களின் பெயரும் விழவில்லை. இருந்தும் அதே ஊரின் சாஸனங்களில் ஓரிடத்தில் வியாபாரி பொதுக் காரியத்துக்குள் வருகிறான். ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றைச் சோதிப்பதற்கு ஆட்களைத் தேர்ந்தபோது, பொன் காணத் தெரிந்தவர்களை மாடவீதியாரிடமிருந்தும் சேனையாரிடமிருந்தும் சங்கரப்பாடியாரிடமிருந்தும் எடுக்கவேண்டும் என்று சபையார் முடிவு செய்தார்கள். சங்கரப்பாடியார் என்போர் எண்ணெய் வணிகர். செக்கோடும் தராசோடும் வாழ்ந்த அந்த மனிதனை, ஊரார் எல்லாருடைய பொன்னுக்கும் நடுவனாக உட்கார்த்தியிருக்கிறார்கள். உட்கார்த்திய கையோடு, உரைகல்லில் ஒட்டிய பொற்றுகளை ஒற்றி எடுக்கும் மெழுகைக்கூட அவன் ஒப்படைத்துவிடவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். ஒரு குன்றிமணிக்கும் காணாத அந்தத் துகள் யாருக்குச் சேரும் என்பதையும் கல்லில் எழுதிவைத்த ஊர் அது. அந்த எண்ணெய் வணிகர்களின் பெயர் நமக்கு எட்டவில்லை. அவர்கள் மேல் வைத்த நம்பிக்கையும், அந்த நம்பிக்கைக்கு இட்ட வேலியும் மட்டும் எட்டியிருக்கின்றன.

பெயர் எட்டிய வியாபாரி ஒருவரை இதே காஞ்சி மண்டலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அவர் பச்சையப்ப முதலியார். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியை அறியாத தமிழர் சிலரே. அந்தப் பெயருக்கு உரியவர் கல்லூரிக்கென்று எதையும் எழுதிவைத்தவர் அல்லர் என்பதை அறிந்தவர் அதைவிடச் சிலர். அவருடைய ஜீவிய சரித்திரத்தை, கொடைப்பெருமையின் பளபளப்பை விலக்கிவிட்டு, ஒரு வியாபாரியின் சரித்திரமாகவும் ஒரு குடும்பஸ்தரின் சரித்திரமாகவும் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1754-இல், தகப்பனார் இறந்த பிறகு, பெரியபாளையத்தில் பிறந்தவர் அவர். ஆதரவற்ற தாய், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னப்பட்டணம் வந்து, பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷியை அண்டினாள். துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கும் உள்நாட்டாருக்கும் நடுவே பேச்சையும் சரக்கையும் பணத்தையும் கடத்தியவர்கள் அவர்கள். சிறுவனுக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்து, வியாபாரத்தில் பழக்கியது அந்த வீடுதான். துரைமார்களுக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்துத் தரகு பெறுவதில் தொடங்கி, வாலிபத்திலேயே தனிக் கொள்முதல் செய்யவும், பிறகு துபாஷித் தொழிலில் இறங்கித் தஞ்சாவூர்ச் சீமை வரை கொடுக்கல் வாங்கல் நடத்தவும் அவர் வளர்ந்தார். தகப்பனில்லாப் பிள்ளை ஒருவன் பிறர் திண்ணையில் கற்ற கணக்கினால் உயர்ந்த கதை இது. நம் கடைவீதிகளில் இன்றும் கடைப்பையனாக வந்து முதலாளியானவர்களின் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது.

அவர் காலத்தை நினைக்கவேண்டும். உத்திரமேரூரும் காஞ்சிபுரமும் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாபு 1763-இல் கும்பெனியாருக்கு ஜாகீராகக் கொடுத்துவிட்டார். 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் சேனையும் திப்புவின் சேனையும் கும்பெனித் தளபதி பெய்லியின் படையை நிர்மூலமாக்கின; அந்த யுத்தத்தைத் தொடர்ந்து இந்தச் சீமையின் கிராமங்கள் எரிந்தன, ஏரிகள் பராமரிப்பற்றுப் போயின, குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். உத்திரமேரூரின் பெரிய ஏரி வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்துப் பெயர் கொண்டது. ஏரி வாரியம் என்று ஒன்றை வைத்துக் காத்த ஊரும் அந்தக் காலத்தில் தன் நீரைத் தானே காக்க வழியற்றிருந்தது. பஞ்சமும் படையும் மாறி மாறி வந்த அந்த வருஷங்களில் சென்னையில் துபாஷிகளிடம் பணம் குவிந்தது. அக்காலத்துத் துபாஷிச் செல்வம் முழுவதும் மாசற்றது என்று நான் வாதிக்க வரவில்லை. கும்பெனியின் வட்டியும் குத்தகையும் குடியானவனின் முதுகில்தான் ஏறின. அந்த யந்திரத்தில் துபாஷியும் ஒரு சக்கரம். பச்சையப்பரைப் புகழும் நூல்கள் இவ்விஷயத்தைத் தொடாமல் போவது அவருக்கு மரியாதை செய்வதாகாது. குவிந்த பணத்தை அவர் என்ன செய்தார் என்பதைக் கொண்டே அவரை எடைபோடவேண்டும்.

அவர் செய்தது தர்மம். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் அவருக்கு இருந்த ஈடுபாடு பிரசித்தம். பட்டணத்திலிருந்து அடிக்கடி காஞ்சிக்கு வந்து தரிசித்துத் திருப்பணி செய்தார் என்றும், கோயில் தூண் ஒன்றில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் உருவம் அவருடையதே என்றும் காஞ்சியில் வழங்குகிறது. கச்சி மயானச் சந்நிதிக்கு முன்னே உள்ள மண்டபம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அன்னதானத்திலும் கோயில் கட்டளைகளிலும் அவர் கை தாராளமானது. வீட்டுக்குள் வந்தால் அந்த வாழ்வு அத்தனை அமைதியாக இல்லை. இரண்டு மணம் செய்துகொண்ட அவருக்கு இல்லறம் சச்சரவின்றி நடக்கவில்லை. வெளியே ஆயிரம் பேருக்குச் சோறிட்டவரின் வீட்டில் மனஸ்தாபம் குடியிருந்தது என்பதைச் சொல்ல நான் கூசவில்லை; சம்சாரியின் சரித்திரத்தில் அது குறையுமன்று, அரிதுமன்று.

1794-இல் அவர் நோயுற்றார். மார்ச் 22-ஆம் தேதி கும்பகோணத்தில் உயில் எழுதினார். தம் சொத்தைச் சிவ விஷ்ணு தர்மங்களுக்கு விட்டு, அதை நடத்தும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடம் ஒப்படைத்தார். அதே மாதம் 31-ஆம் தேதி, காவேரிக் கரையில் திருவையாற்றில், நாற்பதாவது வயதில் உயிர் நீத்தார். எழுதியது தெளிவு, எழுதியவர் மனம் தெளிவு, பொறுப்பேற்றவரோ தகப்பனைப் போன்றவர். இதற்குமேல் ஒரு தர்மம் நடப்பதற்கு என்ன வேண்டும் என்று தோன்றும். நடக்கவில்லை. உறவினரும் உரிமை கோரியவர்களும் பொறுப்பாளரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்கிட, சொத்து நீதிமன்றப் படிகளில் கிடந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, அன்னதானத்துக்கென்று எழுதிய பணம் வழக்குச் செலவாகக் கரைந்துகொண்டிருந்தது.

உத்திரமேரூர்ச் சாஸனத்தின் உறவுப் பட்டியலை இங்கே மறுபடி நினைக்கிறேன். பொதுப் பொருளுக்குக் கணக்குக் கேட்கும் சபை ஒன்று பச்சையப்பரின் தர்மத்துக்கு இல்லை. அவருக்கு இருந்தது நம்பிக்கை. சங்கரப்பாடி எண்ணெய் வணிகனுக்குச் சபையார் இட்ட மெழுகு விதியைப் போன்ற வேலி இல்லை. கொடுக்கிறவனுடைய உள்ளத் தூய்மை எத்தனை பெரிதாயினும், வாங்கி நடத்துகிறவனுடைய பொருள் தூய்மைக்கு அது பிணையாகாது. அர்த்த சௌசத்தை முதலில் வைத்தவர்கள் காரணமறிந்துதான் வைத்தார்கள்.

கணக்கு கடைசியில் கேட்கப்பட்டது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர்கள் இந்த வழக்கைக் கையிலெடுத்தார்கள். அவர்களில் ஜார்ஜ் நார்ட்டன் என்பவர் காட்டிய ஊக்கம் நன்றியோடு நினைக்கத்தக்கது. கோயில் தர்மங்களுக்கு உயிலில் குறித்த தொகையை ஒதுக்கிவைத்து, அதற்குமேல் வட்டியால் பெருகி நின்ற மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு வைப்பது என்று முடிவாயிற்று. தர்மகர்த்தாக்களாக இந்நாட்டுக் கனவான்களின் குழு ஒன்று அமர்த்தப்பட்டது. 1842 ஜனவரி 1-ஆம் தேதி சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தது. 1846-இல் காஞ்சிபுரத்திலும் பச்சையப்பர் பள்ளி தொடங்கிற்று. அதே வருஷம் கல்நாட்டி, 1850-இல் கிரேக்க ஆலயத்தின் சாயலில் தூண்கள் நிறுத்திக் கட்டி முடித்த பச்சையப்பர் மண்டபம் சென்னைப் பட்டணத்தின் நடுவே நின்றது. அந்நாளில் மிஷன் பள்ளியில் சேராமல் ஆங்கிலக் கல்வி பெற விரும்பிய ஹிந்துப் பிள்ளைகளுக்கு அதைப்போன்ற இடம் அரிது. காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அண்ணாதுரை என்ற பிள்ளை அந்த ஊர்ப் பச்சையப்பர் பள்ளியில் எழுத்தறிந்து, சென்னைப் பச்சையப்பர் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னாளில் இந்த ராஜ்யத்தின் முதல்வரானார். துபாஷி ஒருவரின் தரகுப் பணம் அவரையும் படிக்கவைத்திருக்கிறது.

ஆகவே பச்சையப்பருடைய பெயர் நின்றது எதனால் என்று கேட்டால், கொடுத்ததனால் என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. அவரைப்போல் கொடுத்த துபாஷிகளும் செட்டிமார்களும் பலர் இருந்தார்கள். பலருடைய தர்மம் இரண்டு தலைமுறைக்குள் வீடாகவும் நிலமாகவும் பங்கிடப்பட்டு மறைந்தது. அவருடைய தர்மத்துக்கு, தாமதமாகவேனும், ஒரு கணக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கணக்கே அவருடைய சாஸனம்.

அடுத்த தலைமுறையில் சென்னையில் இன்னொரு வியாபாரி இருந்தார்: கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806-இல் பிறந்து, ஜவுளி வியாபாரத்தில் பொருள் ஈட்டி, 1844-இல் கிரெசென்ட் என்ற பத்திரிகையைத் தொடங்கி, 1852-இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவி, வரி வசூலில் குடியானவர்களைச் சித்திரவதை செய்யும் வழக்கத்தை இங்கிலாந்துப் பார்லிமெண்டின் காதில் விழச்செய்தவர். அதன் பலனாக அமைந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. இந்தச் சீமையின் உழவனும் அவருக்குக் கடன்பட்டவன். ஈட்டியதையெல்லாம் பொதுக் காரியத்தில் செலவழித்து 1868-இல் அவர் மறைந்தபோது மிஞ்சியிருந்தது சொற்பம். அவர் பெயரில் பெரிய அறக்கட்டளை இல்லாததால், கல்லூரியின் வாசலில் போகிறவர்கள் பச்சையப்பரை அறிவதுபோல் அவரை அறிவதில்லை. இது நியாயமான நினைவன்று என்பது என் தீர்மானமான எண்ணம்.

பெரிய பெயர்களை விட்டு மறுபடி கிராமத்துக் கடைக்கு வருகிறேன். தர்மத்துக்குக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டை வேறிடங்களில் வியாபாரிகள் தாமே செய்துகொண்டிருக்கிறார்கள். மகமை என்பது அது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே விதித்துக்கொண்டு, அந்தச் சிறு காசைத் தனிக்கணக்கில் சேர்த்து, கோயிலுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கும் செலவிடுவது. விருதுநகரில் நாடார் வணிகர்கள் அவ்விதம் சேர்த்த மகமையிலிருந்து 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. அங்கே கொடுத்தவன் ஒருவன் இல்லை. கடைவீதி முழுவதும் கொடுத்தது. யாருடைய படமும் மாட்டப்படாமல் எல்லாருடைய பங்கும் பேரேட்டில் இருந்தது. கிராமத்து வியாபாரிக்கு எட்டக்கூடிய பரோபகாரம் உயிலைவிட மகமையே என்று நான் கருதுகிறேன்; அது சம்சாரத்தைக் கலைக்காமல், தினமும், சிறுகச் சிறுக நடப்பது.

பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவி, சித்திரை முதல் நாளிலோ ஆயுதபூஜையிலோ தொடங்கப்பட்ட பழைய பேரேடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அவற்றில் வியாபாரக் கணக்கின் நடுநடுவே வேறு வரிகள் வரும்: இன்ன கோயிலுக்கு எண்ணெய், இன்ன வீட்டுக் கல்யாணத்துக்கு அரிசி, இன்னாருக்குப் பள்ளிச் சம்பளம், இன்னார் கடன் தள்ளுபடி. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்கும் வழக்கமுடையவர்கள், அந்த லாபத்தின் ஒரு பகுதி எங்கே போயிற்று என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். காலமான வியாபாரியைப் பற்றிப் பந்தலடியில் முதியவர்கள் சொன்னவற்றுக்கெல்லாம் அந்தப் பேரேடே சாட்சி. அவருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவருடைய பேரேட்டைக் கிலோ கணக்கில் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடுகிறோம்.

921-ஆம் ஆண்டு வியவஸ்தையின் முடிவில், அதை எழுதிய ஊர் மத்யஸ்தன் தன் பெயரையும் வெட்டுவித்திருக்கிறான்: காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன். அரசனுடைய பெயரோடு அவன் பெயரும் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அந்தச் சுவரில் இருக்கிறது. சபையில் அமர்ந்திருந்த பெருமக்கள் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது.

உத்திரமேரூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் தகப்பனார், பாட்டனார் வைத்திருந்த கடைக்கணக்குகள் பரணிலோ பெட்டியிலோ இன்னும் கிடக்கும் வீடுகளில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அவற்றை வெளியே எடுங்கள், கரையான் தின்னுமுன் தூசி தட்டிப் படம் பிடித்து வையுங்கள், வரவுசெலவின் நடுவே வரும் அந்த வேறு வரிகளை, இன்னும் உயிரோடிருக்கும் மூத்தவர்களிடம் பெயர் கேட்டு, பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.